இடது கண்ணில் அணைந்த புள்ளி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பஞ்சு தன் வீட்டுக் கூடத்தில் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரை ஆட்டிப்போட்ட காரியம் அப்போதுதான் நடந்தது. முதலில் அவர் யார் என்று சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த ஒரு வெள்ளைப் புள்ளியைப் பார்த்து ஒரு பெரிய மனிதர் ஏன் அப்படி வெலவெலத்துப் போனார் என்பது புரியாது.

பஞ்சு நகரப் பேருந்து ஓட்டுநர். அந்தப் பெயர் பெற்றவர்கள் வைத்ததல்ல, டிப்போவில் வைத்தது. அவர் பிரேக் போட்டால் வண்டி நின்றதே தெரியாது, மெத்தையில் கால் வைத்த மாதிரி இருக்கும் என்று யாரோ ஒரு நடத்துனர் சொல்லப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. லாரியில் கிளீனராக ஏறி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கண்ணாடி துடைத்து, திட்டு வாங்கி வளர்ந்தவர். பிறகு வேன், பிறகு பேருந்து. இத்தனை வருடத்தில் அவர் வண்டி ஒரு நாயைக்கூட உரசியதில்லை.

மற்ற விஷயங்களில் அவர் ஒன்றும் கெட்டிக்காரர் இல்லை. கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார். குழாயில் சொட்டிய தண்ணீரை நிறுத்துகிறேன் என்று கிளம்பி, அடுக்குமாடி முழுவதையும் அரை நாள் தண்ணீர் இல்லாமல் தவிக்க விட்டவர். ஆனால் ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிட்டால் ஆளே வேறு. முதுகு நிமிர்ந்துகொள்ளும், குரலில் ஒரு கனம் வந்துவிடும். வண்டியில் இருந்து இறக்கிவிட்டால் இந்த மனுஷன் கொடியில் காயும் சட்டை மாதிரிதான் என்று அவர் மனைவி அடிக்கடி சொல்வாள். கேலியாகத்தான் சொல்வாள். பஞ்சுவுக்கு மட்டும் அது கேலியாகப் படாது, ஏனென்றால் அவரே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பஞ்சுவுக்குக் கொஞ்ச காலமாகச் சாயங்காலங்களில் சாலை இரண்டாகத் தெரிந்தது.

முதல் தடவை முன்னால் போன காரின் சிவப்பு விளக்குகள் இரண்டு நான்காகின. நடுக்கோடு இரண்டு கோடாகிக் கத்தரி மாதிரி விரிந்தது. அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், ஒரே சாலை. அப்படியே ஒற்றைக் கண்ணோடு கடைசி நிறுத்தம்வரை ஓட்டி அந்த நடையை முடித்தார். இரவு நன்றாகத் தூங்கி எழுந்து ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடியைப் பார்த்தால் எல்லாம் அது அதன் இடத்தில் இருந்தது. அலுப்புதான் என்று சொல்லிக்கொண்டார். மறுபடி நடந்தபோதும் சாயங்காலம்தான். அதற்கடுத்த தடவையும் அப்படியே. ஆகவே இது சாயங்காலத்து வியாதி, காலையில் கிடையாது என்று அவராகவே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

டிப்போவில் யார் எந்த வண்டி என்று டியூட்டி போடுகிறவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. பஞ்சு அவனிடம் போய், சாயங்காலப் போக்குவரத்து நெரிசலில் தலைவலி வருகிறது, காலை டியூட்டிக்கு மாற்றிவிடு என்று கேட்டார். மாமா வாய் திறந்து கேட்ட முதல் உதவி என்பதால் அவன் மறுபேச்சுப் பேசாமல் மாற்றிக் கொடுத்தான். பஞ்சுவும் நிம்மதியாகிவிட்டார். வீட்டில் சொல்லவில்லை, டாக்டரிடம் போகவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போன ஒரு ஓட்டுநரை டயர் அறையில் போட்டிருந்தார்கள். அந்த ஆள் பழைய டயர்களுக்கு நடுவில் வெளிச்சம் படாத செடி மாதிரி உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவர்கள் எல்லாம் "எப்படி இருக்கீங்க" என்று இழுத்துக் கேட்பார்கள். அந்த இழுவையைக் கேட்பதற்குச் செத்துப்போகலாம் என்று பஞ்சுவுக்குத் தோன்றும். ஸ்டியரிங் கையைவிட்டுப் போகக் கூடாது. அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இப்போது மனைவிக்கு வருவோம். அவள் பெயிண்டுக் கடையில் நிறம் கலக்குகிறவள். வாடிக்கையாளர் ஒரு துணித்துண்டைக் கொண்டுவந்து நீட்டி இதே நிறம் வேண்டும் என்றால், இயந்திரம் சொல்லும் கணக்குக்கு மேல் தன் கண்ணால் ஒரு சொட்டு கூட்டியோ குறைத்தோ கொடுப்பாள். முதல் டப்பாவுக்கும் இரண்டாவது டப்பாவுக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் சுவரில் அது கத்திக் காட்டிக்கொடுக்கும் என்பாள். போட்டோ எடுப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு. பழைய கேமரா ஒன்றை வாங்கி, அக்கம்பக்கத்தார் முகங்களை எடுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் உட்காரவைத்து எடுப்பாள். மேகம் வந்தால் படம் போய்விடும். மூன்றாவது மாடிப் பெரியவரைச் சிரிக்கவைக்க அரை மணி நேரம் பாடுபட்டாள், அவர் சிரித்த நொடியில் சூரியன் ஒளிந்துகொண்டது. அன்றைக்குத்தான் அவள் ஸ்டுடியோ ஃபிளாஷ் வாங்குவது என்று முடிவெடுத்தாள்.

பஞ்சு அதை ஒரு பெரிய பல்பு என்று நினைத்தார். இல்லையாம். எரிந்துகொண்டே இருக்காது. படம் எடுக்கும் கணத்தில் மட்டும் மின்னல் மாதிரி வெட்டி அணையும், பிறகு அடுத்த வெட்டுக்குச் சக்தி சேர்த்துக்கொள்ளும். அதன் விலையைக் கேட்டதும் பஞ்சு குடித்துக்கொண்டிருந்த காபி மூக்கு வழியாக வந்தது. அவள் அதற்கெல்லாம் அசையவில்லை. இரண்டு மாதம் அதே படிப்பு. வெளிச்சம் எவ்வளவு பெரியது என்பது முக்கியம் இல்லை, ஒவ்வொரு தடவையும் அதே அளவு, அதே நிறம் வருகிறதா என்பதுதான் முக்கியம் என்றாள். சில விளக்குகள் சக்தியைக் குறைத்தால் நீலம் பாயும், சில பத்துக்கு ஒரு தடவை வெட்டாமல் ஏமாற்றும், சில சூடேறினால் சோர்ந்துவிடும். பல்பு போனால் மாற்றுப் பல்பு கிடைக்குமா, ரிப்பேருக்கு ஆள் உண்டா, எல்லாம் பார்க்க வேண்டும். எங்களுக்கு ஒரு மகள் இருந்து மாப்பிள்ளை தேடியிருந்தால்கூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டாள் என்று பஞ்சு மச்சினனிடம் சொல்லிச் சிரித்தார்.

கேமராக் கடைக்காரர் அவளை நன்றாக அறிந்தவர். அவள் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய், அவள் கடைசியாகப் பொறுக்கி வைத்திருந்த இரண்டு விளக்குகளையும் ஞாயிற்றுக்கிழமைக்கு வீட்டுக்கே கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் தங்கச்சி, என் காதாவது ஒரு நாள் ஓய்வெடுக்கட்டும் என்று கொடுத்துவிட்டார்.

அப்படித்தான் பஞ்சு முக்காலியில் ஏறினார்.

சோதனை எளிது. ஒரே இடம், ஒரே முகம், ஒரே அளவு வெளிச்சம். ஆள் அசையாமல் இருக்க, படத்துக்கு மேல் படமாக எடுத்துத் தள்ள வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் அவற்றை வேகமாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். விளக்கு ஒழுங்கானதாக இருந்தால் அத்தனை படமும் ஒரே படம் மாதிரி நிற்கும். இல்லையென்றால் முகம் மினுக்கும். இதற்குச் சுவரை எடுத்தால் போதாதா என்று பஞ்சு கேட்டுப் பார்த்தார்.

"சுவரை யாரு மாட்டி வச்சுப் பாக்கப்போறாங்க? நான் எடுக்கப்போறது முகம். முகத்துலதான் பாக்கணும். பேசாம உக்காருங்க. கண்ணு நேரா கேமராவுல இருக்கணும். வண்டி ஓட்டுற மாதிரி நினைச்சுக்குங்க."

முதல் விளக்கு புதுசு, கைக்கடக்கமானது, பார்க்க லட்சணமானது. ஆனால் அது வெட்டும்போது சட்டென்று ஒரு சத்தம் வந்து பஞ்சுவைத் தூக்கிப்போட்டது. ஒவ்வொரு தடவையும் தூக்கிப்போட்டது. நடுநடுவே வெட்டாமலே சும்மா இருந்தது. புரட்டிப் பார்த்தபோது பஞ்சுவின் முகம் திருவிழாச் சீரியல் விளக்கு மாதிரி ஏறி இறங்கியது. சில படத்தில் அவர் மூன்று நாள் குளிரில் கிடந்த பிணம் மாதிரி நீலமாக இருந்தார். "இது பெயிண்டா இருந்தா கடைய மூடிட்டுப் போயிருப்போம்" என்று சொல்லி அவள் அதைத் திரும்ப அட்டைப் பெட்டிக்குள் வைத்தாள்.

இரண்டாவது கனமானது. அம்மிக்கல் மாதிரி இருந்தது, அழகு என்று எதுவும் இல்லை. முன்னால் வெள்ளைத் துணி கட்டிய சதுரப் பெட்டியை மாட்டினாள். வெட்டினால் சத்தமே இல்லை. வெட்டியதும் உடனே தயார் என்று மெல்ல ஒரு குரல் கொடுத்தது. அவள் முகம் மலர்ந்தது. எடுத்தாள், எடுத்தாள், எடுத்துக்கொண்டே இருந்தாள். பஞ்சு கேமராவின் கண்ணாடியைப் பார்த்தபடி, இமைகூட அதிகம் கொட்டாமல், வண்டி ஓட்டுவதாகவே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நூறு படத்துக்கு மேல் போயிருக்கும்.

பிறகு இருவரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அவள் அம்புக்குறியை அழுத்திப் பிடித்தாள். படங்கள் ஓடின. கன்னம் அசையவில்லை, சட்டையின் நிறம் அசையவில்லை, பின்னால் சுவர் அசையவில்லை. இரண்டு கண்களிலும் அந்தத் துணிப்பெட்டியின் வெளிச்சம் சின்னச் சதுரமாக, வெள்ளைப் புள்ளியாக நின்றது. கல்லில் செதுக்கின மாதிரி இருக்குது பாருங்க என்று அவள் பூரித்துப்போனாள்.

பாதிக்கு மேல் போனதும் அவள் விரல் நின்றது. பின்னால் போனாள். மறுபடி முன்னால் வந்தாள்.

இடது கண்ணில் புள்ளி சிறுத்துக்கொண்டே வந்தது. சதுரம் கோடாயிற்று. கோடு மங்கியது. கடைசிப் படங்களில் இடது கண்ணில் புள்ளியே இல்லை. வலது கண்ணில் மட்டும் அது பளிச்சென்று இருந்தது.

"அடப்பாவி, சூடேறினதும் ஒரு பக்கம் படுத்துருச்சு" என்றாள் அவள், விளக்கைப் பார்த்து.

பஞ்சு விளக்கைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். அவள் புள்ளியைத் தேடினாள். அவருக்கு இமை தெரிந்தது. கடையை மூடும்போது ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்களே, அந்த மாதிரி அவருடைய இடது இமை படத்துக்குப் படம் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கிய இமைதான் புள்ளியை மூடியது. உட்கார்ந்திருந்தபோது அவருக்கு எதுவுமே தெரியவில்லை. வலி இல்லை, கனம் இல்லை, கண்ணை நேராகத்தான் வைத்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதைவிட, மணி என்ன? ஜன்னலில் காலை வெயில். நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து வந்து உட்கார்ந்த காலை.

இது சாயங்காலத்து வியாதி இல்லை.

சாப்பிட்டுவிட்டுப் பஞ்சு கொஞ்சம் கண்ணயர்ந்தார். எழுந்ததும் அவள் மறுபடி உட்காரவைத்துச் சில படங்கள் எடுத்தாள். இரண்டு கண்ணிலும் புள்ளி திரும்பி வந்திருந்தது. அவள் கையைத் தட்டிக்கொண்டாள். பார்த்தீர்களா, ஆறினதும் சரியாகிவிட்டது, அப்போ சூடுதான் காரணம் என்று ஒரேயடியாகத் தீர்மானித்தாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று அவரிடமும் கேட்டாள்.

"ஆமா. லைட்டுதான்" என்றார் பஞ்சு.

அந்தப் பொய் வாயைவிட்டு எவ்வளவு வழுக்கிக்கொண்டு போயிற்று என்பதே அவருக்குத் திகிலாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அவர் வண்டியை எடுத்தார். எடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு நாள் பார்ப்போம் என்று நினைத்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்ணாடியில் தன் இமையைப் பார்த்தார். முதல் நடையில் ஒன்றுமில்லை. இரண்டாவது நடையில் தாடை தானாக மேலே தூக்கிக்கொள்வதைக் கவனித்தார். இமைக்கு அடியில் எட்டிப் பார்ப்பதற்காகத் தலை செய்த ஏற்பாடு அது. எத்தனை நாளாக இப்படி ஓட்டுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

சந்தைக்குப் பக்கத்துத் திருப்பத்தில் ஒருத்தி குழந்தைத் தள்ளுவண்டியோடு சாலையைக் கடந்தாள். பஞ்சுவுக்கு இரண்டு பேர் தெரிந்தார்கள், இரண்டு தள்ளுவண்டிகள். எது நிஜம் என்று முடிவெடுக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. இடது பக்கம் இருந்ததுதான் நிஜம் என்று வண்டியை வலது பக்கம் ஒடித்தார். அவள் அங்கே இருந்தாள். பஞ்சு பிரேக்கை மிதித்த மிதியில் நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள், ஒரு பையிலிருந்து உருளைக்கிழங்குகள் உருண்டு முன்வாசல்வரை வந்தன. வண்டி நின்றது. அந்தப் பெண் ஒரு நொடி அப்படியே நின்று பார்த்துவிட்டு, தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

பஞ்சுவோடு எட்டு வருடமாக வேலை செய்கிற நடத்துனர், அவரையே முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் மனைவி விளக்கைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். பெட்டி கனம் என்று பஞ்சுவும் கூடப் போனார். சூட்டில் சோர்கிற விளக்கை எனக்குக் கொடுத்தீர்களே அண்ணே என்று அவள் ஆரம்பித்ததும் கடைக்காரர் நிஜமாகவே திடுக்கிட்டார். அந்த விளக்கு சோர்வதாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லையாம். உள்ளறைக்கு அழைத்துப் போய்ச் சுவரில் சாம்பல் நிறத் தாள் ஒன்றை ஒட்டி, விளக்கைத் தொட முடியாத சூடு வரும்வரை வெட்டவைத்தார். அத்தனை படத்திலும் தாள் ஒரே சாம்பலாக நின்றது. முகத்தில்தான் தெரியும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். சரி என்று அவரே போய் உட்கார்ந்தார். "என் மூஞ்சிய இத்தனை தடவை என் கல்யாணத்துலகூட எடுக்கல தங்கச்சி" என்றார். அவர் கண்களில் இரண்டு புள்ளிகளும் கடைசிவரை அப்படியே இருந்தன.

அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. வீட்டில் எடுத்ததைக் கடைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினாள். கடைக்காரர் ஒரு தடவை புரட்டினார். இரண்டாவது தடவை மெதுவாகப் புரட்டினார். பிறகு நிமிர்ந்து பஞ்சுவைப் பார்த்தார். நல்ல மனிதர், நாசூக்கு தெரிந்தவர். பார்வையை உடனே விலக்கிக்கொண்டார்.

"உங்களுக்குத் திருப்தி இல்லேன்னா விடுங்க தங்கச்சி. வேற ஒண்ணு வந்திருக்கு, அதை எடுத்துட்டுப் போய்ப் பாருங்க."

அவளும் சரி என்று தலையாட்டப் போனாள். பஞ்சுவுக்குத் தப்பிக்கும் கதவு அகலமாகத் திறந்திருந்தது. வேறு விளக்கு, வேறு ஞாயிறு, எடுக்கும்போது கொஞ்சம் கண்ணை மூடி ஓய்வெடுத்துக்கொண்டால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. பஞ்சு அந்தக் கதவை நன்றாகப் பார்த்தார். உருளைக்கிழங்குகள் உருண்ட சத்தம் காதில் இருந்தது.

"லைட்டுல குறை இல்ல" என்றார். "என் கண்ணு."

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு திரைக்குத் திரும்பி, அம்புக்குறியை ஒவ்வொன்றாகத் தட்டினாள். இந்தத் தடவை அவள் புள்ளியைப் பார்க்கவில்லை. ஒரு இடத்தில் அவள் கை வாய்க்குப் போயிற்று.

"எவ்வளவு நாளா?"

"சாயங்காலம் மட்டும்னு நினைச்சேன். அதான் காலை டியூட்டி வாங்கினேன்."

"இது காலையில எடுத்த படம்."

"தெரியும்."

"தெரிஞ்சு இன்னைக்கு ஓட்டினீங்களா?"

கடைக்காரர் ஏதோ எடுக்கப் போகிற மாதிரி வெளியே போனார். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. நிறத்தில் ஒரு சொட்டு மாறினால் கண்டுபிடிக்கிற நான், தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற முகத்தைப் பார்க்காமல் விளக்கைத் திட்டிக்கொண்டிருந்தேனே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதைக் கேட்பது பஞ்சுவுக்கு அடிவாங்குவதுபோல இருந்தது.

அங்கிருந்தே அவர் மச்சினனுக்குப் போன் போட்டு, நாளைக்கு என் பேரைப் போடாதே என்றார். மறுபடி சாயங்காலத்துக்கு மாற்றட்டுமா என்று அவன் கேட்டான். எதற்கும் போடாதே என்று சொல்லி, காரணத்தையும் சொன்னார்.

அவன் நேரே வீட்டுக்கு வந்துவிட்டான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"சாயங்கால வண்டி பாதி காலியா போகும் மாமா. காலை வண்டிதான் பள்ளிக்கூட வண்டி. உங்களுக்கு நல்லது பண்றதா நினைச்சு நானே அத்தனை பிள்ளைங்களையும் உங்ககிட்ட ஏத்திவிட்டிருக்கேன்."

பஞ்சு அதை அதுவரை அப்படி யோசித்ததே இல்லை. தினமும் படிக்கட்டு முழுக்கப் புத்தகப் பைகளோடு தொற்றி ஏறும் பிள்ளைகளைக் கண்ணாடியில் பார்த்தவர்தான். அவர்கள் ஏறியது அவருக்குத் தெரியும். யாரிடம் ஏறினார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் அந்தப் படங்களைத்தான் முதலில் பார்த்தார். இப்படி ஒரு வரிசையை யாரும் கொண்டுவந்து காட்டியதில்லை என்று ஆச்சரியப்பட்டார். நரம்பு சொல்வதைத் தசை கேட்காமல் தளர்ந்துபோகிற நோய் இது. வேலை செய்யச் செய்யத் தளரும், ஓய்வு கொடுத்தால் மீளும். மாத்திரை இருக்கிறது, நாளாகும். வண்டி மறுபடி ஓட்டலாமா என்று பஞ்சு கேட்டார். ஓட்டலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை, இப்போதைக்குச் சைக்கிளைக்கூடத் தொடாதீர்கள் என்றார் டாக்டர். மனைவி அந்த அம்மிக்கல் விளக்கையே வாங்கிக்கொண்டாள்.

பஞ்சுவை டிப்போ வாசலில் டோக்கன் கொடுக்கிற வேலைக்குப் போட்டார்கள். வண்டியை வெளியே எடுக்கிற ஒவ்வொரு ஓட்டுநரும் வாசல் கூண்டில் நிறுத்தி ஒரு பித்தளை வில்லையை வாங்கிக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் தடுப்புக்கட்டை தூக்கப்படாது. முதல் நாள் அவர் பயந்த இழுவை எல்லாம் வந்தது. எப்படி இருக்கீங்க, உடம்பு எப்படி இருக்கு, ஐயோ பாவமே. அவர் செத்துப்போகவில்லை. கேட்டவர்களிடம் கண்ணில் கோளாறு, ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது, மறைச்சு ஓட்டிட்டேன் என்று உள்ளதைச் சொன்னார். மறைத்து ஓட்டினேன் என்பதைச் சொல்லும்போது சிலர் முகம் மாறியது. மாறட்டும் என்று இருந்தார்.

அன்று பின்மாலையில் நெடுந்தூர வண்டி ஓட்டுகிற ஒருவன் வந்தான். பஞ்சுவைவிட வயதில் ரொம்பச் சின்னவன், திடகாத்திரமான ஆள், சிரித்துச் சிரித்துப் பேசுகிறவன். வண்டி நிறைய ஆட்கள். அவன் இன்ஜினை ஓடவிட்டு, இறங்கிக் கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்த டாக்டர் எங்க இருக்கார்ணே?" என்றான். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

யாருக்கு என்று கேட்டார் பஞ்சு. அவன் வண்டியைப் பார்த்தான், ஜன்னல்களில் இருந்த தலைகளைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"எனக்கு இருட்டினதும் எதிர் வெளிச்சத்துல ரோடே காணாமப் போவுதுண்ணே. கொஞ்ச நேரம்தான். அப்புறம் வந்துருது."

வெளியே விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. பின்னால் ஹாரன் விடாமல் அடித்தது. ஜன்னலிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து என்னப்பா பிரச்சினை என்று கத்தினார்.

பஞ்சு வில்லையை நீட்டியிருந்த கையைக் கூண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"சாவிய எடுத்துட்டு வாப்பா" என்றார்.